பனி பெய்யாத் தீவின் பனிக்காலம்

ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்தவர் தமிழர். ஆவணி, புரட்டாசி கார்காலம்; ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம்; மார்கழி, தை முன்பனிக்காலம்; அவற்றைத் தொடர்ந்து பின்பனியும் இளவேனிலும் முதுவேனிலும் வரும். இப்பகுப்பினை நெஞ்சில் சுமந்துகொண்டு கடல் கடந்து இத்தீவுகளை வந்தடைந்த நம் முன்னோர், இங்கே கார்காலத்தைக் கண்டார்கள். அதுவும் ஊரில் கண்டதைப் போல் இரு மடங்கு கண்டார்கள். ஆனால் பனியை மட்டும் காணவில்லை. மார்கழி விடியலில் புல்நுனியில் தங்கும் சில துளிகளுக்கு மேல் இங்கே பனி என்று சொல்லத்தக்கது யாதும் இல்லை. ஆகவே பனிக்காலத்து இடர்கள் என்றொரு தலைப்பில் அந்தமான் தமிழர் ஒருவர் கட்டுரை வரையப் புகுந்தால், அன்பர்கள் நகைக்கக் கூடும்.

நகைப்பதற்கு முன் ஒரு சொல். காசுமீரத்திலும், இமயத்தின் மலைச்சரிவுகளிலும், இன்று நம்மவர் பலர் குடியேறியுள்ள கனடா, நார்வே போன்ற நாடுகளிலும் பனி ஆளுயரம் பெய்கிறது. அங்கு வாழ்வோர் பனிப்புயலுக்கு அஞ்சிக் கதவைத் தாழிடுகின்றனர். தாழிட்ட கதவுக்குள் எரியும் கணப்பிலிருந்து மணமும் நிறமும் அற்ற நச்சுவாயு எழுந்து, உறங்குவோரை உறக்கத்திலேயே கொண்டுபோய் விடுவதுண்டு. புயல் ஓய்ந்து வெயில் எறித்த நாளில் கூரையிலிருந்து பனிப்பாளம் சரிந்து, கீழே நடப்பவர்மேல் வீழ்வதுண்டு. உறைந்த ஏரியை நம்பி அதன்மேல் நடந்தவர் காலடியில் அது பிளந்து போவதுண்டு. அஞ்சிய இடர் வெளியே நிற்க, அஞ்சாத இடர் வீட்டினுள் வந்து அமர்கிறது. இது பனிநாட்டுக்கு மட்டும் உரிய நிலையன்று. பனியே இல்லாத நம் தீவுகளின் வரலாற்றைப் புரட்டினால், இதே செய்தி வேறு உருவில் ஏட்டுக்கு ஏடு காணப்படுகிறது.

நாம் அஞ்சுவது எதற்கு? வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை ஓயாது பெய்யும் தென்மேற்குப் பருவமழைக்கு. அந்த அச்சம் காரணமின்றி எழுந்ததன்று. 1789ஆம் ஆண்டு ஆர்ச்சிபால்டு பிளேயர் என்னும் கடற்படை அதிகாரி சாத்தம் தீவில் முதல் குடியேற்றத்தை நிறுவினார். 1792இல் அது வட அந்தமானின் கிழக்குக் கரைக்கு மாற்றப்பட்டது. அங்கே மழையும் சதுப்பும் காய்ச்சலும் குடியேறியவர்களைச் சூறையாடின. 1796இல் குடியேற்றம் முழுமையும் கைவிடப்பட்டது. 1858 மார்ச்சு 10ஆம் நாள் டாக்டர் வாக்கர் என்பவரின் தலைமையில் இருநூறு கைதிகள் வந்திறங்கிய பின்னரும், முதல் மழைக்காலங்கள் காட்டை வெட்டியவர்களையே வெட்டி வீழ்த்தின. அன்று தொட்டு இத்தீவுகளில் வாழ்வோர் அனைவர் மனத்திலும் ‘மழைக்காலமே கேட்டின் காலம்’ என்னும் எண்ணம் ஊன்றிவிட்டது.

எங்கள் இளமையில் தந்தையார் சித்திரைக் கடைசியில் தகரக் கூரையின்மேல் கற்களை ஏற்றி வைப்பார். கம்பியால் இழுத்துக் கட்டுவார். கார்த்திகை தீபம் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கற்களை இறக்குவார். ‘இனி ஆறு மாதம் கவலையில்லை’ என்பார். அக்கம்பக்கத்தாரும் அவ்வாறே செய்வர். அதன் பின்னர்தான் திருமணப் பேச்சு, ஊர்ப் பயணம், உறவினரை வரவழைத்தல், கடற்கரையில் பொங்கிச் சாப்பிடுதல் யாவும். நம் சங்கங்களின் ஆண்டு விழாக்களும் பெரும்பாலும் இக்காலத்தையே நாடுகின்றன. தந்தையாரின் கணக்கு எத்துணைப் பிழையானது என்பதை, பின்னாளில் பழைய பதிவுகளைப் படித்தபோதுதான் யான் உணர்ந்தேன்.

முதலில் காற்றின் போக்கை நோக்குவோம். முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று பெயர் சுட்டப்படும் நிலம் நம் நிக்கோபார்த் தீவுகளே என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. பாய்மரக் கப்பல்கள் வங்கக் கடலைக் கடந்த நாளில், தென்மேற்குக் காற்று கீழைநாடு செல்வோர்க்கும், வடகிழக்குக் காற்று தாயகம் திரும்புவோர்க்கும் துணை நின்றது. ஆகவே மார்கழிக் காற்று நம் முன்னோர்க்கு வீடு திரும்பும் காற்று. ஆனால் அதே காற்று இத்தீவில் குடியிருப்போர்க்கு அவ்வளவு நட்புடையதன்று. தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிப்பது தீவுகளின் மேற்குக் கரையில். அங்கே பெரும்பகுதி காடு. நம் ஊர்களும் துறைமுகங்களும் ஜெட்டிகளும் கிழக்குக் கரையிலேயே அமைந்துள்ளன. வடகிழக்குக் காற்று தடையின்றி வந்து மோதுவது அக்கரையில்தான்.

இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. ஆடி, ஆவணித் திங்கள்களில் வங்கக் கடலின் சுழற்காற்றுகள் வடக்கே, ஒரிசா, வங்காளக் கரைகளை ஒட்டியே பெரும்பாலும் தோன்றுகின்றன. கதிரவன் தெற்கு நோக்கிச் சாயச் சாய, அவை பிறக்கும் இடமும் தெற்கே இறங்குகிறது. ஐப்பசி பிற்பகுதி முதல் மார்கழி முடிய, அவற்றுள் பல அந்தமான் கடலிலேயே கருக்கொள்கின்றன. தொட்டில் நம் வாசலில். மணமேடை தமிழகக் கரையில் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் வேடிக்கைக்குரிய செய்தியன்று.

1844ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள் இரவு. இங்கிலாந்திலிருந்து கல்கத்தா நோக்கி வந்த ‘ரன்னிமீடு’ என்னும் கப்பலும், ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து அதே கல்கத்தாவுக்கு வந்துகொண்டிருந்த ‘பிரிட்டன்’ என்னும் கப்பலும் அந்தமான் கடலில் ஒரே சுழற்காற்றில் அகப்பட்டன. இரண்டிலும் போர்வீரர்களும் அவர்தம் மனைவி மக்களுமாக மொத்தம் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஒரு கப்பல் இருப்பது மற்றதற்குத் தெரியாது. இருளில் பாய்மரங்கள் முறிந்து, சுக்கான் இழந்து, எங்கே போகின்றோம் என்பதறியாமல் மிதந்தன. பொழுது புலர்ந்தபோது இரு கப்பல்களும் பவளப் பாறைகளைத் தாண்டி, ரிச்சி தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஜான் லாரன்ஸ் தீவின் கண்டற்காட்டுக் கரையில், ஒன்றையொன்று காணும் தொலைவில் எறியப்பட்டுக் கிடந்தன! கடல் அவற்றை உடைக்காமல் காட்டுக்குள் தூக்கி வைத்தமையால் உயிர்ச்சேதம் மிகக் குறைவாயிற்று. குடிநீருக்கும் உணவுக்கும் அல்லலுற்று, மீட்புக் கப்பல் வரும் வரை அவர்கள் அத்தீவில் காலம் தள்ளினர். 1845இலேயே இந்நிகழ்ச்சி பற்றித் தனி நூலொன்று இலண்டனில் வெளியாயிற்று. இன்று சுற்றுலாப் பயணிகள் திரளும் சுவராஜ் தீவு, அதாவது 2018 வரை ஹேவ்லாக் எனப் பெயர் பெற்றிருந்த தீவு, அந்த ஜான் லாரன்ஸ் தீவுக்கு அண்மையிலேயே உள்ளது.

அடுத்தது 1891 நவம்பர்த் தொடக்கத்தில் போர்ட் பிளேயரை நேரே தாக்கிய சுழற்காற்று. இது நம் தீவு வரலாற்றில் பெரும்பாலோர் மறந்துவிட்ட ஒரு மனிதச் செயலுக்கு இடமாயிற்று. ஆதலின் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். அரசின் கடற்பணிக் கப்பலான ‘எண்டர்பிரைஸ்’ அப்போது போர்ட் பிளேயரில் இருந்தது. பாதுகாப்பான துறைமுகம் என்று பெயர் பெற்ற இடம், மழைக்காலமும் முடிந்துவிட்டது. புயல் அக்கப்பலை நங்கூரத்தோடு பெயர்த்துச் சவுத் பாயிண்டு என்னும் முனையின் பாறைகளில் மோதி நொறுக்கிற்று. அம்முனையில்தான் பெண் கைதிகளின் சிறை இருந்தது. கப்பலில் இருந்தோர் அலையில் உருண்டு வருவதைக் கண்ட அப்பெண்கள், கைகோத்துச் சங்கிலியாகக் கடலுக்குள் இறங்கினர். எண்பதுக்கும் மேற்பட்டவர் இருந்த அக்கப்பலில் உயிரோடு கரை கண்டவர் அறுவர் மட்டுமே. அவ்வறுவரையும் அலையின் வாயிலிருந்து பிடுங்கியவர்கள், கொலைக் குற்றத்துக்கும் பிற குற்றங்களுக்கும் ஆளாகி, ஆயுள் முழுதும் கடல் கடத்தப்பட்டிருந்த இந்தியப் பெண்கள். அவர்களின் பெயர்கள் பள்ளிக்கூடப் பாடங்களில் இல்லை. செல்லுலார் சிறையைச் சுற்றிக் காட்டும் நாம், விருந்தினரைச் சவுத் பாயிண்டு வழியே அழைத்துச் செல்லும்போது இதனை ஒரு முறையேனும் சொல்லியிருக்கின்றோமா?

அந்நாளில் புயல் வருவதை முன்கூட்டி அறிவிக்க வழி இல்லை. தீவுக்கும் தாயகத்துக்கும் கடலடித் தந்திக் கம்பியும் கிடையாது. போர்ட் பிளேயரில் காற்றழுத்தமானி இறங்கிய செய்தி, கப்பலொன்று கொண்டுபோனால்தான் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் எட்டும். அதற்குள் புயலே அங்கு சென்றுவிடும். 1905இல் பர்மாக் கரையை ஒட்டிய டயமண்டு தீவுக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி இயங்கத் தொடங்கிய பின்னரே, நம் தீவுகள் வங்கக் கடலின் கண்ணாகவும் காதாகவும் பயன்படலாயின.

கண் இருந்தும் பயன்படாது போன காலமும் உண்டு. 1964 டிசம்பர் 17ஆம் நாள் தென் அந்தமான் கடலில், பெரிய நிக்கோபாருக்குத் தெற்கே, ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாயிற்று. மார்கழி பிறந்த வேளை. அது மேற்கே நகர்ந்து, வலுத்து, 22ஆம் நாள் இலங்கையின் வடபகுதியைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியை அடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் சென்ற இரயில் வண்டியை அலை விழுங்கிற்று. ஊரே அழிந்தது, வாழத் தகுதியற்ற இடமென்று சென்னை அரசு அதனை அறிவித்தது. தனுஷ்கோடியின் பெயரைக் கேட்டதும் கண்ணீர் வடிக்காத தமிழர் இலர். அந்தப் புயலின் பிறப்பிடம் நம் தீவுகளின் தென்முனை என்பதை அறிந்தோர் எத்துணைப் பேர்?

அண்மைக் காலத்திலும் இவ்வழக்கு மாறவில்லை. 2013 நவம்பர் 25ஆம் நாள் ‘லெஹர்’ புயல் போர்ட் பிளேயருக்கு அண்மையில் தீவுகளைக் கடந்தது. 2016 டிசம்பர்த் தொடக்கத்தில் சுவராஜ் தீவிலும் அதன் அண்டைத் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் படகும் கப்பலுமின்றிச் சிக்கிக்கொள்ள, கடற்படைக் கலங்கள் சென்று மீட்டன. அவர்களைச் சிறைப்படுத்திய அதே காற்றுமண்டலம் வலுப்பெற்று, ‘வர்தா’ என்னும் பெயருடன் டிசம்பர் 12ஆம் நாள் சென்னையின் மரங்களை வேரோடு சாய்த்தது. 2019 சனவரியில், பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில், தாய்லாந்தில் கரையேறிய ‘பாபுக்’ என்னும் புயல் மலேயத் தீபகற்பத்தைத் தாண்டி நம்மை நோக்கி வந்தது. தை பிறக்கும் வேளையில் புயல் வருமென்று எதிர்பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை, பஞ்சாங்கத்திலும் இல்லை.

புயலை விடுவோம். புயலே இல்லாத, வானம் நீலமாய் விளங்கும் நாளின் இடர் வேறு வகையானது. 2014 சனவரி 26, குடியரசு நாள். பயணிகள் படகொன்று, அன்று ராஸ் தீவு எனப்பட்ட நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவுக்கும் நார்த் பே என்னும் விரிகுடாவுக்கும் இடைப்பட்ட நீரில் கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த நம் தமிழ் மக்கள். காற்று இல்லை, மழை இல்லை, கரையிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் தொலைவு. படகில் ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியமையே விபத்தின் பின் யாவரும் பேசிய குற்றம். ஆடி மாதத்தில் அவ்வாறு ஏற்ற எந்தப் படகோட்டியும் துணிய மாட்டான். ஏறவும் எவரும் துணியார். அமைதியான கடல் தந்த துணிவு அது. ஊரிலிருந்து வரும் உறவினர் பலர் கடலையே முதன்முறை காண்பவர். மிதவைச் சட்டையை அணியச் சொன்னால் கூச்சப்படுவர். அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் கடமை விருந்தோம்பும் நமக்கு உண்டு.

இன்னொன்று மிகச் சாதாரணமானது. ஆதலால் எவரும் எழுதுவதில்லை. அது தண்ணீர். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் தீவில் தண்ணீர்ப் பஞ்சம் என்றால், தாயகத்தார் நம்ப மறுப்பர். ஆனால் சனவரி முதல் ஏப்ரல் வரை வானம் வறண்டு விடுகிறது. வற்றாத ஆறுகள் இங்கு மிகச் சில. வட அந்தமானின் கல்பாங் ஆறு அவற்றுள் ஒன்று. பெய்த மழை செங்குத்தான சரிவுகளில் ஓடிச் சில மணி நேரத்தில் கடலைச் சேர்ந்து விடும். வாக்கர் 1858இல் வந்திறங்கியது இந்த வறண்ட திங்கள்களின் கடைசியில். முதலில் சாத்தம் தீவிலேயே தங்கினார். அங்கே போதிய நீரின்மையால் தலைமையிடம் ராஸ் தீவுக்கு மாற்றப்பட்டது. ஆக, நம் தலைநகரின் முதல் வரலாற்று முடிவே பின்பனிக் காலத்துத் தாகத்தால் எடுக்கப்பட்டது எனலாம். இன்றும் நகருக்கு நீரூட்டும் தனிக்காரி அணை நிறைந்திருப்பது மழையைப் பொறுத்தே. மாசி, பங்குனியில் குடத்தோடு வரிசையில் நின்ற அன்னையருக்கு இதனை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்காலத்தில் மரவீடுகளில் தீப்பற்றினால் அணைக்கவும் நீர் தேட வேண்டியிருந்தது.

இவை யாவும் காற்றும் நீரும் பற்றியவை. இனிச் சொல்ல வேண்டியது நிலத்தைப் பற்றியது, சொல்வதற்குக் கடினமானது.

நிலநடுக்கத்துக்குப் பருவம் கிடையாது. 1941 சூன் 26ஆம் நாள், கொட்டும் மழைக்காலத்தில், அந்தமானை உலுக்கிய பெரும் நடுக்கம் போர்ட் பிளேயரின் கட்டடங்கள் பலவற்றைச் சேதப்படுத்திற்று. ஆகவே மார்கழியில்தான் நிலம் நடுங்கும் என்று யாரேனும் கூறினால் அது மூடநம்பிக்கை. எனினும் நிலத்துக்குப் பருவம் இல்லையாயினும், நமக்குப் பருவம் உண்டு. விழா நாட்களில் நாம் எங்கே இருக்கின்றோம்? கரையில் இருக்கின்றோம். எப்போது கடலுக்கு முதுகைக் காட்டி அமர்கின்றோம்? அது அமைதியாய் இருக்கும்போது.

1881 டிசம்பர் 31ஆம் நாள் காலை, கார் நிக்கோபாருக்கு அண்மையில் கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஒன்று நிகழ்ந்தது. அதனால் எழுந்த அலைகள் வங்கக் கடல் முழுவதும் பரவி, போர்ட் பிளேயர், நாகப்பட்டினம், சென்னை முதலிய துறைமுகங்களில் நிறுவப்பட்டிருந்த ஓதமளக்கும் கருவிகளில் கோடுகளாகப் பதிந்தன. அலையின் உயரம் குறைவு. நம் கரைகளில் பேரழிவு நேரவில்லை. பேரழிவு நேராத காரணத்தினாலேயே மக்கள் அதனை மறந்தனர். அறிவியலாளர் சிலர் மட்டும் அந்தத் தாள்களைப் பாதுகாத்தனர். நிக்கோபாரில் நிலம் அசைந்தால் நாகப்பட்டினத்தில் கடல் எழும் என்னும் உண்மை, நூற்றிருபத்து மூன்று ஆண்டுகள் அத்தாள்களில் உறங்கிக் கிடந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, முழுநிலா நாள், கிறித்துமசுக்கு மறுநாள். இந்திய நேரம் காலை 6.29. இத்தீவுகளில் கதிரவன் முன்னதாகவே எழுவதால் அப்போது நன்கு விடிந்திருந்தது. சுமத்திராவின் கடலடியில் தொடங்கிய முறிவு வடக்கு நோக்கி நிக்கோபார், அந்தமான் நெடுகிலும் கிழித்துக்கொண்டு ஓடிற்று. அளவையில் 9.1. நிலம் நிமிடக் கணக்கில் ஆடிற்று. மழையில்லை, காற்றில்லை, வானில் ஒரு மேகமும் எச்சரிக்கவில்லை. கார் நிக்கோபாரிலும் பெரிய நிக்கோபாரிலும் சிறிது நேரத்திற்குள்ளேயே கடல் ஏறி வந்தது. கார் நிக்கோபார் மக்கள் கிறித்தவர். முன்னாள் இரவு விழாக் கொண்டாடியவர். அவர்தம் ஊர்கள் யாவும் தென்னஞ்சோலைக் கரையை ஒட்டியவை.

கச்சால் தீவைத் தமிழர் மறத்தல் ஆகாது. 1964ஆம் ஆண்டின் இந்திய–இலங்கை உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழருள் ஒரு சாரார், இரப்பர்த் தோட்டத்தில் பணியாற்ற அங்கே குடியமர்த்தப்பட்டனர். தேயிலை மலையில் அட்டைக்கும் குளிருக்கும் நடுவே வாழ்ந்து, இரு நாடுகளுக்கு இடையே ஓர் எண்ணிக்கையாகப் பேரம் பேசப்பட்டு, கடல் கடந்து கடல் நடுவே வந்து சேர்ந்த எளிய மக்கள். 2000 சனவரி முதல் நாள், புத்தாயிரத்தின் முதல் கதிரை இந்தியாவில் காணும் இடம் என்று அதே கச்சாலை அரசு விளம்பரப்படுத்திற்று. பனிக்காலத்துக் கடற்கரையில் விருந்தினர் கூடினர். ஐந்து ஆண்டு நிறைவதற்குள் அத்தீவின் கரையூர்கள் இருந்த இடம் தெரியாமற் போயின. நிக்கோபார்த் தீவுகளுள் மிகக் கொடிய இழப்பைக் கண்டவற்றுள் அதுவும் ஒன்று. பெரிய நிக்கோபாரின் காம்பெல் பே பகுதியில் 1969 முதல் குடியேறிய முன்னாள் படைவீரர் குடும்பங்களும் அவ்வாறே சிதறின. அவர்களுள்ளும் தமிழர் இருந்தனர். இழந்தவர் சிலர் இம்மலரைப் படிப்போர் வரிசையில் இருக்கின்றனர் என்பதனால் இதற்கு மேல் விரிக்க என் கை எழவில்லை.

ஒன்றை மட்டும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நிலம் அசைந்ததற்கும் சென்னை, நாகப்பட்டினக் கரைகளில் கடல் ஏறியதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருந்தது. 1891இல் தந்தி இல்லாத நாளில் போர்ட் பிளேயர் எவ்வாறு ஊமையாய் நின்றதோ, அவ்வாறே தொலைபேசியும் வானொலியும் உள்ள நாளிலும் அச்செய்தி கரையோர மக்களை எட்டவில்லை. மெரினாவில் உலவியவர்களும் வேளாங்கண்ணிக்கு வந்த அடியார்களும் ஞாயிற்றுக்கிழமைக் காலையை நம்பி நின்றனர். இந்தியப் பெருங்கடலுக்கு அன்று ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு இல்லை. 2007 அக்டோபரில்தான் ஐதராபாத்தில் அத்தகைய நிலையம் நிறுவப்பட்டது.

சின்ன அந்தமானில் வாழும் ஓங்கே மக்கள் சிறு கூட்டத்தார். அவர்களிடம் ஏடு இல்லை, கருவி இல்லை. நிலம் நடுங்கியதும் கடல் பின்வாங்கியதும் கண்டு, காட்டுக்குள் மேட்டுநிலம் ஏகி உயிர் தப்பினர். அதே தீவின் ஹட் பே குடியிருப்பில், நம்போல் வந்து குடியேறியவர்கள் பெரும் சேதத்துக்கு உள்ளாயினர். தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட செய்தி அவர்களைக் காத்தது என்று பின்னர் ஆய்வாளர் எழுதினர். நாமோ இத்தீவுக்கு வந்து இரண்டு மூன்று தலைமுறைதான் ஆயின. நாம் கொண்டுவந்த பாட்டிக் கதைகள் காவிரிக் கரையிலும் வைகைக் கரையிலும் பிறந்தவை. அவற்றில் ஆற்று வெள்ளம் உண்டு, பஞ்சம் உண்டு. பின்வாங்கும் கடல் இல்லை. 1881உம் 1891உம் இல்லை. அதனாலேயே இவ்வாண்டுகளை இங்கே அச்சில் ஏற்றுகிறேன். வீட்டுப் பிள்ளைகள் யாரேனும் படித்து வைக்கட்டும்.

அந்த ஒரு காலைப்பொழுதில் நிலமே தன் உயரத்தை மாற்றிக்கொண்டது. வட அந்தமானில் திக்லிப்பூர்ப் பக்கம் கரை மேலெழுந்து, பவளப் பாறைகள் வெயிலில் காய்ந்து வெளுத்தன. தெற்கே நிலம் தாழ்ந்தது. நகருக்கு அண்மையிலுள்ள சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களில் உப்புநீர் புகுந்தது. புகுந்த நீர் வெளியேறவில்லை, ஏனெனில் வயல் இப்போது கடல்மட்டத்துக்குத் தாழ்வாகிவிட்டது. பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் அமிழ்ந்தது. 1972இல் தரையில் எழுப்பிய கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது. அமாவாசை, பௌர்ணமி ஓதங்கள் முன்பு எட்டாத படிகளை இன்று எட்டுகின்றன. பழைய கரையை நினைவில் வைத்து வீடு கட்டுவோரும், பழைய ஆழத்தை நினைவில் வைத்துப் படகு கட்டுவோரும் இதனைக் கருத வேண்டும்.

நிக்கோபாரில் அழிந்த ஊர்களுக்குப் பதிலாக அரசு மேட்டுநிலத்தில் நிலையான வீடுகளைக் கட்டித் தந்தது. தகரக் கூரையும் வரிசையான அமைப்பும் உள்ள வீடுகள், கரையிலிருந்து விலகியவை. பாதுகாப்பு என்ற வகையில் குறை சொல்ல இயலாது. ஆயினும் அங்குள்ள முதியோர் மனநிறைவு கொள்ளவில்லை. தென்னையும் தோணியும் பன்றிப்பட்டியும் கீழே, வீடு மேலே. நாள்தோறும் இறங்கி ஏற வேண்டும். எனவே சிலர் பழைய கரையிலேயே சிறு குடிசை போட்டுக்கொண்டு, பகலில் அங்கிருந்து இரவில் மேலே திரும்புகின்றனர். கடல் அமைதியாய் உள்ள திங்கள்களில் இரவிலும் தங்கிவிடுவதுண்டு. அவர்களைக் குறை கூற எனக்கு வாய் வரவில்லை. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நம் நகரிலும், கார்த்திகை வந்ததும் கூரைக் கற்களை இறக்கிவைக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. எங்கள் வீட்டில் மட்டும் சில ஆண்டுகளாகத் தை முடியும் வரை அவற்றை இறக்குவதில்லை. அக்கம்பக்கத்தார் காரணம் கேட்கின்றனர். நான் 1891ஆம் ஆண்டின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.